முப்பதில் ஒன்பது

1997 பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு, சித்தூரில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியின் ஆசிரியர் அறையில் எங்கள் தாளாளர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். 'பத்தில் ஒன்பது' என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். வட்டம் சரியாகச் சேராமல் ஒரு பக்கம் திறந்தே இருந்தது என்று என் டைரியில் இருக்கிறது. கணக்கு தவறு என்று அன்றைய பக்கத்தில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நான் அங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை. சொந்த ஊர் புத்தூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், விவசாயம். திருப்பதியில் பி.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு அந்தப் பள்ளியில் சேர்ந்து அது மூன்றாவது வருடம். ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் தெலுங்கில்தான் நடக்கும். டைரி மட்டும் தமிழில் எழுதுவேன்.

அந்த வருடங்களில் சித்தூரில் தெருவுக்கு ஒரு ஆங்கிலப் பள்ளி முளைத்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் வந்தால் ஒவ்வொரு பள்ளியும் சாலையின் குறுக்கே துணிப் பதாகை கட்டி, தன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை எழுதிவைக்கும். எங்களுக்கு அடுத்த தெருப் பள்ளி முந்தைய வருடம் நூற்றுக்கு நூறு என்று கட்டியிருந்தது. எங்களுடைய பதாகை ஏறவே இல்லை. நாற்பத்தெட்டுப் பேர் எழுதி, முப்பத்தெட்டுப் பேர் பாஸ். தோற்ற பத்துப் பேரும் கணக்கில்தான் தோற்றார்கள். பாடம் என்னுடையது என்பதால் அந்தத் திங்கட்கிழமை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தாளாளர் சொன்னது இதுதான். போன வருடம் தோற்ற பத்துப் பேரின் பெயரையும் எடுத்து, அவர்கள் ஜனவரியில் பள்ளி நடத்திய ப்ரீ-பைனல் பரீட்சையில் கணக்கில் என்ன வாங்கினார்கள் என்று பார்த்திருக்கிறார். ஒன்பது பேர் அதிலும் பெயில். ஆகவே, ப்ரீ-பைனலில் பெயிலாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பப்ளிக் பரீட்சையிலும் பெயிலாவார்கள். இந்த வருடம் ஐம்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் ப்ரீ-பைனலில் கணக்கில் பெயில். அவர்களுடைய பெற்றோரை சனிக்கிழமை வரவழைத்து, உடல்நலக் காரணத்தால் பிள்ளை மார்ச்சில் எழுதவில்லை, செப்டம்பரில் எழுதும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால், பிள்ளைகளுக்கும் ஆறு மாதம் கூடுதலாகப் படிக்கக் கிடைக்கும், பள்ளிக்கும் நல்லது.

எல்லோரும் தலையாட்டினோம். டிகிரியில் நிகழ்தகவுக்கென்றே தனித்தாள் எழுதி அறுபத்தெட்டு மார்க் வாங்கியவள் நான். நானும்தான் ஆட்டினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைசி மணி அடித்த பிறகு ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். குடிபாலாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ப்ரீ-பைனலில் கணக்கில் இருபத்தொன்பது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. முப்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி. அவளுடைய அப்பா மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சீசனில் காய் தரம் பிரிக்கிற வேலை செய்தார். மற்ற மாதங்களில் சொந்த ஒரு ஏக்கரில் நிலக்கடலை, மிச்ச நாளில் கூலி. அவருடைய அப்பா காலத்தில் அந்த ஒரு ஏக்கரும் கிடையாது.

அவள் அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். அவளுடைய பெரியப்பா மகள்கள் இரண்டு பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அடுத்த வாரம் கம்பெனி வேன் மறுபடி ஊருக்கு வருகிறது. சனிக்கிழமை வாத்தியார்களைக் கேட்பேன், பாஸாவாள் என்றால் இங்கே இருந்து எழுதட்டும், ஆகமாட்டாள் என்றால் வேனில் ஏறட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் எழுதலாமே என்று நான் கேட்டேன்.

"வேன்ல போனவங்க யாரு மேடம் பரீட்சைக்குத் திரும்பி வந்தாங்க?" என்றாள். "எங்கூர்லருந்து பதினோரு பேரு போயிருக்கறாங்க. கண்ணாலத்துக்குத்தான் வராங்க."

அல்ஜீப்ராவை இன்னொரு தடவை பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு. இந்த வருட ப்ரீ-பைனல் மார்க்கைப் பெரிய ரிஜிஸ்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். ஏற்றிக்கொண்டு வரும்போது ஒரு விஷயம் உறுத்தியது. ஐம்பத்திரண்டில் முப்பத்தொரு பேர் பெயில். பாதிக்கு மேல். போன வருடமும் ஏறக்குறைய இப்படித்தானே இருந்தது? பக்கத்தைப் பின்னால் புரட்டினேன்.

போன வருடம் நாற்பத்தெட்டுப் பேர். ப்ரீ-பைனலில் கணக்கில் பெயிலானவர்கள் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். முப்பது புள்ளி. கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினேன், அதே முப்பது. இந்த முப்பது பேரில் பப்ளிக் பரீட்சையில் தோற்றவர்கள், தாளாளர் சொன்ன அதே ஒன்பது பேர். அப்படியென்றால் மிச்சம் இருபத்தொரு பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. பாஸாகிவிட்டார்கள்.

பென்சிலைக் கீழே வைத்தேன். தாளாளர் எண்ணியதில் பிழை இல்லை. அவர் எந்தக் கூட்டத்தை எடுத்து எண்ணினார் என்பதில்தான் பிழை. தோற்ற பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி, உங்களில் ப்ரீ-பைனலிலும் தோற்றவர் எத்தனை பேர் என்று அவர் கேட்டார். ஒன்பது கை உயர்ந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வேண்டிய கேள்வி வேறு. ப்ரீ-பைனலில் தோற்ற முப்பது பேரை வரிசையில் நிறுத்தி, உங்களில் கடைசியில் தோற்றவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். அப்போதும் அதே ஒன்பது கைதான் உயரும். ஆனால் இப்போது வரிசையில் முப்பது பேர் நிற்கிறார்கள். முப்பதில் ஒன்பது என்பது பத்தில் மூன்று. பாஸாகிறவர்கள் பத்தில் ஏழு.

ஒரே ஒரு வருடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதால் அதற்கு முந்தைய வருடத்தையும் எடுத்தேன். நாற்பத்து நான்கு பேர்; ப்ரீ-பைனலில் பெயில் இருபத்தாறு; அவர்களில் கடைசியில் பெயிலானவர்கள் எட்டு. அங்கேயும் பத்துக்கு மூன்றை ஒட்டியே வந்தது.

இருபத்தொரு பேர் எப்படி மீண்டார்கள் என்பதில் அந்த ஆசிரியர் அறையில் யாருக்கும் மர்மம் இருந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் பள்ளியில், எங்களைப் போன்ற பல பள்ளிகளில், ப்ரீ-பைனலை 'டைட்டாக' திருத்துவது வழக்கம். வழிமுறைக்கு மார்க் கிடையாது, அரை மார்க் கிடையாது, படத்தில் ஒரு எழுத்து விட்டிருந்தால் படத்துக்கே மார்க் கிடையாது. பிள்ளைகள் பயந்து படிப்பார்கள் என்பது ஏற்பாடு. ஜனவரியில் நாங்களே உட்கார்ந்து ஏழெட்டு மார்க் குறைத்துப் போடுவோம். பிப்ரவரியில் அதை மறந்துவிட்டு, அந்த மார்க்கைப் பார்த்து நாங்களே பயப்படுவோம். அந்தப் பெண்ணின் தாளைத் தேடி எடுத்து, பப்ளிக் பரீட்சையில் திருத்துகிற மாதிரி வழிமுறைக்கு மார்க் கொடுத்துக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு வந்தது. சிவப்பு மசியில் இருபத்தொன்பது என்று போட்டிருந்த கை என்னுடையது.

வியாழக்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் தாளாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதை நான் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். நான் கொண்டுபோன தாளை ஒரு தடவை பார்த்தார்; புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்னைவிட வேகமாகத்தான் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். சரி மேடம், முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் போவார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், எந்த ஒன்பது என்று சொல்ல முடியுமா?

முடியாது என்றேன். எந்த ஒன்பது என்று தெரியாமல் மற்ற இருபத்திரண்டு பேரையும் சேர்த்து நிறுத்துவது சரியா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். யாரையும் நிறுத்தவில்லை, ஆலோசனைதான் சொல்கிறோம், கையெழுத்து அவரவர் விருப்பம் என்றார். நாங்களே மார்க்கைக் குறைத்துப் போட்டதைப் பெற்றோரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னால் அடுத்த வருடம் ப்ரீ-பைனலுக்கு ஒருத்தனும் பயப்படமாட்டான் என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். சனிக்கிழமை நானும் மேசையில் உட்காரலாம். கேட்கிற பெற்றோருக்கு என் கணக்கைக் காட்டலாம். கேட்காதவர்களிடம் நானாகப் பேசக் கூடாது. டைட்டாகத் திருத்தியதைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

நான் ஒப்புக்கொண்டேன். அது சரியான பேரம் இல்லை என்பது சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தை வெட்டி, சீட்டாட்டச் சீட்டு அளவில் முப்பது சீட்டு தயார் செய்தேன். போன வருடம் ப்ரீ-பைனலில் பெயிலான முப்பது பேரில் ஒருவருக்கு ஒரு சீட்டு. பெயர் எழுதவில்லை. ஒவ்வொன்றிலும் மேலே ப்ரீ-பைனல் மார்க், கீழே பப்ளிக் பரீட்சை மார்க், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏழாம் வகுப்பு அறையில் மேசை போட்டார்கள். தாளாளர் நடுவில், நான் அவருக்கு இடதுபக்கம், சீட்டுக்கட்டு ஒரு பென்சில் டப்பாவில். முதலில் வந்தவர்கள் உள்ளே வந்து, பத்தில் ஒன்பதைக் கேட்டு, பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது கணக்கில் என்ன சந்தேகம் வரும்? நான் அங்கே உட்கார்ந்திருந்ததே அந்தப் பத்தில் ஒன்பதுக்கு ஒரு முத்திரையாகிவிட்டது. பதினொரு மணிக்குள் நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது. நான்கு தடவையும் நான் ஒப்புக்கொண்டபடியே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவதாக அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். தோளில் துண்டு, தேய்க்காத வெள்ளைச் சட்டை. உட்காருங்கள் என்று தாளாளர் இரண்டு தடவை சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் நின்றாள். தாளாளர் தெலுங்கில் சொன்னதையெல்லாம் அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க தமிழ்ல சொல்லுங்க. எம் பொண்ணு பாஸ் ஆவுமா, ஆவாதா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னை. "தெரியாதுன்னு சொல்ற வாத்தியாரம்மாவ இப்பதான் பாக்கறேன்" என்றார். குரலில் கேலி இருந்தது, கோபம் இல்லை. "அப்ப தெரிஞ்சத சொல்லுங்க."

கேட்டுவிட்டார். நான் டப்பாவைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டினேன். இது போன வருடம் உங்கள் பெண்ணைப் போலவே ப்ரீ-பைனலில் பெயிலானவர்கள் என்று சொன்னேன். கீழே இருக்கிற மார்க் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பக்கம், குறைவாக இருந்தால் இன்னொரு பக்கம் தள்ளச் சொன்னேன்.

அவர் தள்ளிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக எடுக்கவே இல்லை. உள்ளங்கையின் ஓரத்தால் சீட்டுகளைப் பரப்பி, கண்ணால் ஓட்டி, நடுவிரலால் சுண்டிச் சுண்டி இரண்டு பக்கமும் ஒதுக்கினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் இருபத்தொன்று. எண்ணிச் சொன்னார். இருபத்தொன்றை இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"இதான் நெறய கீதே" என்றார். "இவரு பத்துல ஒம்போதுன்னாரே?"

தோற்ற பத்துப் பேரை மட்டும் பார்த்தால் அதில் ஒன்பது பேர் இந்த முப்பதுக்குள் இருக்கிறவர்கள், அதைத்தான் சார் சொன்னார் என்றேன். சொல்லும்போதே, இது புரிகிற மாதிரி சொல்லப்படவில்லை என்று எனக்கே தோன்றியது. வேறு மாதிரி ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்க மேடம். பேக்டரில அழுவுன காயலாம் ஒரு மூலைல கொட்டி வெச்சிருப்பாங்க. அதுல பாத்தீங்கன்னா பத்துக்கு ஒம்போது காய்ல கரும்புள்ளி இருக்கும். அதுக்குன்னு புள்ளி வெச்ச காயலாம் அழுவலுன்னு தள்ளிட்டா கூழுக்கு எங்க போறது? லைன்ல வர காய்ல பாதிக்கு மேல புள்ளிதான். தோல்லதான் புள்ளி, உள்ள நல்லாத்தான் இருக்கும்." ஒரு சீட்டை விரலால் தட்டினார். "புதுசா வேலைக்கு வரவன் இப்டிதான் தள்ளுவான். நாலு நாளு திட்டணும் அவன."

தாளாளருக்குத் தமிழ் முழுவதும் புரியும். "அந்தப் புதுசா வந்தவன் நான்தானா?" என்று அவர் தெலுங்கில் கேட்டார்.

"ஐயய்யோ, நான் மாங்காயச் சொன்னேன் சார்."

தாளாளர் சிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் சிரித்தாரா, உண்மையிலேயே சிரித்தாரா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. டிகிரியில் ஒரு முழுத் தாளுக்குப் படித்ததை அந்த மனிதர் வேலை செய்கிற கையில் வைத்திருந்தார். நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சிறிய குவியலுக்கு வந்துவிட்டார். ஒன்பது சீட்டையும் நேராக அடுக்கி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணா எம் பொண்ணு இருந்தா?"

"இருக்கலாம்" என்றேன். "இவள மாதிரி பத்துப் பேர் எழுதினா ஏழு பேர் பாஸாவாங்க, மூணு பேர் ஆகமாட்டாங்க. இவ எந்தப் பக்கம்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்."

அவர் மகளைக் கூப்பிட்டார். "இன்னாம்மா சொல்ற?"

"எழுதறேன் நைனா."

"இந்த ஒம்போதுல வந்துட்டா?"

"வந்துட்டா செப்டம்பர்ல எழுதறேன். வேன்ல போனா மார்ச்சும் இல்ல, செப்டம்பரும் இல்ல."

வெளியே வராந்தாவில் காத்திருந்தவர்களின் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திருகிப் பொருத்தி, தாளாளர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"சைன் வாணாம் சார். எழுதட்டும்."

எழுந்தவர் போவதற்கு முன் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, இருபத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்களே, எடை பார்த்துத்தான் போட்டீர்களா என்று கேட்டார். மூச்சு விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்ததால், சீட்டுகளை டப்பாவுக்குள் அள்ளிப் போட்டேன். "மண்டியில கழிச்சுதான் எட போடுவாங்க, எங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நேராக வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கு என் டப்பா மறுபடி திறந்திருக்குமா என்று தெரியாது. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, காத்திருந்தவர்களிடம் மாங்காய்க் கதையைத் தமிழில் ஒரு தடவையும் தெலுங்கில் ஒரு தடவையும் சொல்லியிருக்கிறார். அடுத்து வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, அந்தச் சீட்டைக் காட்டுங்கள் மேடம் என்றார். அதற்கடுத்தவரும். பிற்பகல் இரண்டரை மணிக்குள் இருபத்தாறு தடவை அந்தச் சீட்டுகளைப் பரப்பினேன். ஒன்றிரண்டு ஓரம் மடங்கிவிட்டது. ஒரு கையெழுத்துகூட அதற்குப் பிறகு விழவில்லை. கடைசி ஆள் போனதும் தாளாளர் மிச்சத் தாள்களைத் தட்டிச் சீராக்கி மேசை இழுப்பறைக்குள் வைத்து, அடுத்த ஆறு வாரத்துக்குக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்கு எடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். எடுக்கிறேன் என்றேன்.

முதலில் கையெழுத்துப் போட்ட நான்கு பேர் மிச்சம். திங்கட்கிழமை அந்த நான்கு தாளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி தாளாளரைக் கேட்டேன். பெற்றோரே வந்து கேட்டால் கிழித்துப் போடுகிறேன் என்றார். நான்கு வீட்டுக்கும் கடிதம் எழுதினேன். ஒருவரும் வரவில்லை. ஒரு பையன் அதற்குள் பெங்களூருக்குப் போய்விட்டான் என்று அவன் வகுப்புக்காரர்கள் சொன்னார்கள்.

அந்த முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் மார்ச்சில் எழுதினார்கள். மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்த அன்று காலை ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தெலுங்குச் செய்தித்தாள் வாங்கினேன். ஹால்டிக்கெட் எண்கள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. அவளுடைய எண்ணை முதலில் தேட வேண்டாம், வரிசைப்படி போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, என் பட்டியலின் முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது எண்ணோடு அந்த முடிவைக் கைவிட்டு அவளுடையதைத் தேடினேன். தர்ட் கிளாஸில் பாஸானவர்களின் பத்தியில் இல்லை. ஒரு நிமிடம் செய்தித்தாளை மடித்துவிட்டேன். பிறகு விரித்து, செகண்ட் கிளாஸ் பத்தியில் பார்த்தேன். இருந்தது.

மொத்தத்தில் இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் பாஸ், எட்டுப் பேர் பெயில். ரிஜிஸ்டர் சொன்னதற்கு மிக அருகில்தான் வந்தது. அவர்களில் எந்த எட்டு என்று பிப்ரவரியில் நான் யூகித்திருந்தால் சிலரையாவது தவறாகச் சொல்லியிருப்பேன். அந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் நான் கவலையே படாதவர்கள். மார்க் ஷீட் வந்தபோது அவளுக்குக் கணக்கில் நாற்பத்துமூன்று. இருபத்தொன்பதுக்கும் அதற்கும் பதினாலு மார்க் வித்தியாசம். அதில் என் சிவப்பு மசி எவ்வளவு, ஆறு வாரம் காலை ஏழு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழியில்லை. ரிஜிஸ்டரில் எல்லோருக்கும் எதிரே எண் இருக்கிறது. நான்கு பேருக்கு எதிரே மட்டும் கட்டம் காலி. அவர்களில் ஏறக்குறைய மூன்று பேர் பாஸாகியிருப்பார்கள் என்று என் கணக்கு சொல்கிறது. அதை எழுதிக்கொள்ள ரிஜிஸ்டரில் இடம் இல்லை.

ஜூன் இரண்டாவது வாரத்தில் அப்பாவும் மகளும் டி.சி. வாங்க வந்தார்கள். திருப்பதியில் அரசு ஜூனியர் காலேஜில் இண்டர், அதாவது ப்ளஸ் டூ, சேர்க்கப் போவதாகச் சொன்னார். கணக்கு குரூப். ஹாஸ்டலிலும் இடம் கிடைத்திருந்தது. வேன் பிப்ரவரிக்குப் பிறகும் மார்ச்சில் ஒரு தடவையும் மே மாதம் ஒரு தடவையும் வந்துபோய்விட்டதாம்; ஓட்டுநர் இவர்கள் வீட்டு வாசலில் இப்போது ஹாரன் அடிப்பதில்லையாம். பேசி முடித்த பிறகும் அவர் கிளம்பவில்லை. அங்கே கணக்கு குரூப்பில் இந்த மாதிரி மார்க்கோடு சேர்கிற பிள்ளைகள் பத்துக்கு எத்தனை தேறும் என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அது வேறு காலேஜ், வேறு பிள்ளைகள், வேறு மாதிரி திருத்துவார்கள். அவர்களுடைய ரிஜிஸ்டர் இரண்டு வருடத்துக்காவது கையில் இருந்தால் ஏதாவது சொல்லலாம். இல்லாமல் ஒரு எண்ணைச் சொன்னால் அது வெறும் வாய்வார்த்தை.

"மேடம் பரப்புன மாதிரி சீட்டு இல்லாம சேக்கறதா?" என்றார் மகளிடம், பாதி விளையாட்டாக.

"சேந்தாத்தான் நைனா சீட்டு வரும்" என்றாள் அவள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, பள்ளி முகவரிக்குத் திருப்பதி முத்திரையோடு ஒரு தபால் அட்டை வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. 'முதல் டெஸ்ட், கணக்கு, ஐம்பதுக்கு' என்று தலைப்பு. அதன் கீழே அட்டை நிறைய நெருக்கி நெருக்கி எண்கள், பெயர் இல்லை. எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று. வகுப்பு முழுவதையும் எழுதியிருந்தாள். நாலாவது வரியில் இருபத்தாறு என்ற எண்ணின் கீழே மட்டும் மெல்லிய கோடு. நான் ஒரு புது நோட்டை எடுத்து, தேதி போட்டு, அந்த அறுபத்து மூன்றையும் அதே வரிசையில் ஏற்றினேன்.